அச்சுக்கு முன் ஒப்புதல்: மாதிரிப்படியில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஹட்டனில் நாங்கள் நடத்திவரும் சிறிய அச்சகத்துக்குக் கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, மாரியம்மன் கோவில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, பில் புத்தகம், தேயிலைப் பொதிக்கான ஸ்டிக்கர், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான பெனர் என்று நாளுக்கொரு விதமான வேலை வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த வேலைகள் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. வடிவமைப்பு முடிந்து, மாதிரிப்படி வாடிக்கையாளரின் கைக்குப் போய், “சரி, அடியுங்கள்” என்ற சொல் திரும்பி வருவதற்கு இடைப்பட்ட நேரமே அந்த இடம்.

2022 மார்ச் மாதத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டுக்குப் பிறகு, பிழையாக அடித்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் அடித்துக் கொடுக்கும் வசதி எங்களைப் போன்ற சிறிய அச்சகங்களுக்கு இல்லாமற் போயிற்று. ஆகையால் ஒவ்வொரு பிழையும் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடும் பழக்கம் எனக்கு வந்தது. அப்படித் தேடியபோது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று நான் முதலில் எழுதி வைத்தவற்றில் பெரும்பாலானவை, எதைப் பார்க்க வேண்டும், யார் பார்க்க வேண்டும், எந்த வடிவில் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லாமல் விட்டதனால் வந்தவையாகவே இருந்தன. உங்கள் அச்சகத்தில் எந்த அறிகுறி தென்படுகின்றதோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம்.

மாதிரிப்படி அனுப்பி இரண்டு நாளாகியும் பதில் இல்லை

முதலில், படம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரிக்குறி மட்டும் இருந்தால் அது இன்னும் அவருடைய தொலைபேசியை எட்டவில்லை. இரட்டைக் குறி வந்திருந்தும் திறந்து பார்க்கப்படவில்லை என்றால் கோப்பின் அளவைச் சந்தேகிக்கலாம். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைப்பதே அரிது. கோவில் மேட்டுக்கோ தார் ரோட்டுக்கோ ஏறி வந்து தொலைபேசியைப் பார்ப்பவருக்கு இருபது மெகாபைட் கோப்பை அனுப்பினால் அது பாதியிலேயே நின்றுவிடும். பார்வைக்கு அனுப்பும் பீடிஎஃப் ஒன்று அல்லது இரண்டு மெகாபைட்டுக்குள் இருந்தால் போதும். அச்சுக்குரிய கனமான கோப்பு நம்மிடமே இருக்கட்டும்.

இரண்டாவதாக நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய் மாலை வரை மலையில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவுக்குக் காலை பத்து மணிக்கு அனுப்பும் மாதிரிப்படி, அன்றிரவு வந்து குவியும் மற்றச் செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. மாலை ஆறரை மணிக்குப் பின் அல்லது ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அனுப்பினால் பதில் விரைவாக வருவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது காரணம் எளிதில் கண்ணுக்குப் படாதது. வேலையைக் கொடுத்தவர் தகப்பனாராக இருப்பார். அவர் தந்த இலக்கமோ கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். மகன் படத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா பார்த்திருப்பார்” என்று விட்டுவிடுவார். அப்பாவோ அச்சகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று காத்திருப்பார். வேலையை ஏற்கும்போதே, “இந்த இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது?” என்று கேட்டு, வேலைத்தாளில் எழுதிக்கொள்வது ஒரு நிமிட வேலை.

நினைவூட்டும் செய்தியில் நாளும் விளைவும் தெளிவாக இருக்க வேண்டும். நாங்கள் அனுப்புவது இவ்வாறு இருக்கும்: “அக்கா, வணக்கம். மகளின் விழா அட்டையின் இரண்டாம் மாதிரிப்படி இத்துடன் உள்ளது. வியாழன் மாலை 6 மணிக்கு முன் பதில் தந்தால் திங்கள் அட்டை கிடைக்கும். உங்கள் பதில் வரும்வரை அச்சடிக்க மாட்டோம்.” பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்று எழுதும் அச்சகங்களும் உண்டு. பில் புத்தகத்தின் மறுபதிப்புக்கு அது பொருந்தலாம். ஒரு வீட்டின் பெயர்களும் நாளும் நேரமும் தாங்கிய அட்டைக்கு அதைப் பயன்படுத்துவது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

“ஓகே” வந்தது, அச்சடித்த பின் பிழை தெரிகிறது

எல்லாக் கோளாறுகளிலும் அதிக இழப்பையும் அதிக மனவேதனையையும் தருவது இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண அழைப்பிதழில் நான் செய்த பிழையை இன்றும் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் இறந்துவிட்டவர்; ஆகவே அவர் பெயருக்கு முன் “காலஞ்சென்ற” என்ற சொல் இருந்தது. அதே வரியைப் பிரதி எடுத்துப் பெண் வீட்டுப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பெயர்களை மட்டும் மாற்றியபோது, அந்தச் சொல்லை நீக்க மறந்துவிட்டேன். மாதிரிப்படியை மாப்பிள்ளையின் தோழனுக்கு அனுப்பினோம். “அண்ணே, பார்த்தேன், சூப்பர், ஓகே” என்று பதில் வந்தது. நானூறு அட்டைகளை அடித்துக் கட்டி வைத்தோம். அவற்றை எடுத்துப்போக வந்தவர் பெண்ணின் தகப்பனார். மேலிருந்த ஓர் அட்டையை விரித்து வாசித்தவர், விரலைத் தன் பெயருக்கு மேல் வைத்தபடி, ஒரு சொல்லும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

நானூறையும் மீண்டும் அடித்துக் கொடுத்தோம். ஆனால் அந்தத் தோழன் பொய் சொல்லவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அவர் படத்தைப் பார்த்தார். பூ வேலைப்பாடும் மணமக்களின் பெயரும் அழகாக இருந்தன. அதற்குத்தான் “ஓகே” சொன்னார். பெண் வீட்டுத் தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா என்பதைச் சரிபார்க்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. பார்த்ததற்கான அடையாளமாக வந்த சொல்லை வாசித்துச் சரிபார்த்ததற்கான உறுதியாக எடுத்துக்கொண்ட பிழை என்னுடையது.

அன்றிலிருந்து பெருவிரல் படத்தையோ தனித்த “ஓகே”யையோ நாங்கள் ஒப்புதலாக ஏற்பதில்லை. மாதிரிப்படியோடு சில கேள்விகளும் போகின்றன; ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் தம் சொற்களில் பதில் எழுத வேண்டும், அல்லது குரல் பதிவில் சொல்ல வேண்டும். கலியாண அட்டைக்கு நாங்கள் கேட்பவை: இரு வீட்டுப் பெற்றோரில் காலமானவர் யார், மணமகன், மணமகள் சிரேஷ்ட புத்திரரா, கனிஷ்ட புத்திரரா, ஏக புத்திரரா, கிழமையும் திகதியும் முகூர்த்த நேரமும் என்ன, மண்டபம் எந்த ஊரில், அட்டையில் உள்ள தொலைபேசி இலக்கம் யாருடையது. அட்டையைப் பாராமலே பதில் எழுதச் சொல்லுங்கள். அட்டையைப் பார்த்துக்கொண்டு எழுதினால் அதில் உள்ள பிழையே மீண்டும் எழுதப்பட்டு வரும்.

நம் பக்கத்தில் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. கலண்டரை எடுத்துக் கிழமையையும் திகதியையும் பொருத்திப் பார்ப்பது முதலாவது. 2025 பெப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை. அந்தத் திகதிக்குப் பக்கத்தில் புதன்கிழமை என்று இருந்தால், இரண்டில் ஒன்று பிழை என்பதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் தேவையில்லை. அடுத்து, முகூர்த்த நேரத்தை இராகு காலத்தோடு ஒப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை இராகு காலம் வழக்கமாக முற்பகல் 10.30 முதல் 12 மணி வரை. வெள்ளிக்கிழமைக்குரிய அட்டையில் 10.40 முதல் 11.50 வரை சுபமுகூர்த்தம் என்று எழுதி வந்தால், நாள் குறித்துக் கொடுத்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று துணிந்து தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். இந்தச் சோதனையினால் 9ஐ 10 ஆகத் தட்டச்சு செய்த பிழைகள் பல, மாதிரிப்படி வெளியே போகும் முன்னரே எங்களிடம் அகப்பட்டிருக்கின்றன. சில வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கத்தையும் சில வீடுகளில் திருக்கணிதத்தையும் பார்ப்பதால் நேரங்கள் சற்று வேறுபடும். ஆகவே நாமாக எதையும் திருத்தாமல் கேட்டு மட்டும் வைப்பதே முறை.

தொலைபேசி இலக்கத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனைதான் உண்டு. மாதிரிப்படியில் உள்ளதைப் பார்த்து அந்த இலக்கத்தை அழைக்க வேண்டும். எடுப்பவர் வீட்டாராக இருந்தால் இலக்கம் சரி.

சரிபார்க்க வேண்டியவருக்கு வாசிப்பது சிரமம்

வீட்டின் மூத்தவருக்குத்தான் எல்லாப் பெயர்களும் உறவுகளும் தெரியும். சிறிய எழுத்தை வாசிக்க முடியாதவரும் பெரும்பாலும் அவரே. அவரை விட்டுவிட்டு இளையவரிடம் ஒப்புதல் வாங்குவது எளிதாக இருக்கலாம். அதற்கான விலையை அட்டை விநியோகிக்கப்பட்ட பின் அந்த வீடு கொடுக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, வாசித்துக் காட்டுவது. ஒருநாள் ஒரு பாட்டியம்மா பேரனோடு வந்திருந்தார். பேரன் திரையைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். நான் அட்டையை முதல் வரியிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தாய்மாமன்மார் பெயர் வந்த இடத்தில் கையை உயர்த்தி, “தம்பி, மூணு பேரு. நீங்க ரெண்டு பேரத்தான் சொன்னீங்க” என்றார். விடுபட்டது கடைசித் தம்பியின் பெயர். அந்தப் பெயரில்லாமல் அட்டை போயிருந்தால் சீர் கொண்டுவர வேண்டியவர் வாசலுக்கே வந்திருக்க மாட்டார் என்று பாட்டியம்மாவே சொன்னார்.

வர இயலாதவர்களுக்குத் தொலைபேசியில் வாசியுங்கள். ல, ள, ழ மூன்றும் ந, ன, ண மூன்றும் காதில் வேறுபடுவது குறைவு. பெயர்களில் இவை வரும்போது பழத்தில் வரும் ழ, பள்ளியில் வரும் ள என்று சொல்லிக் கேட்க வேண்டும். மலையகத்தில் பலருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் வீட்டு வழக்கில் ஒரு விதமாகவும் இருக்கும். அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்த பெயரை வீட்டார் ஏற்றுக்கொள்ளாமல் போவதும் உண்டு. அழைப்பிதழில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். தோட்டத்தின் பெயருக்கும் இது பொருந்தும். கம்பனிக் கடிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்றாகவும், சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறாகவும் இருப்பதால், வெளியூர் விருந்தினர் பஸ்ஸில் இறங்கி வழி கேட்கும்போது எந்தப் பெயர் பயன்படும் என்று கேட்டு, தேவையானால் இரண்டையும் போடுங்கள். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் சேருங்கள்.

ஒரே வேலைக்கு நான்கு பேரிடமிருந்து நான்கு விதமான திருத்தங்கள்

கோவில் திருவிழா நோட்டீஸ் என்றால் இது நிச்சயம் வரும். தலைவர் ஒரு திருத்தம் சொல்வார், பொருளாளர் ஒன்று சொல்வார், உபயகாரர் தம் பெயர் மேலே வர வேண்டும் என்பார், கரகம் பாலிக்கும் நேரத்தைப் பூசகர் ஐயா மாற்றிச் சொல்வார். ஒவ்வொன்றையும் வந்த வரிசையில் செய்துகொண்டே போனால், ஐந்தாம் மாதிரிப்படியில் முதலாவதில் இருந்தது திரும்ப வந்து நிற்கும்.

வேலையை ஏற்கும் நாளிலேயே இறுதிச் சொல் யாருடையது என்று கேட்டு, அவருடைய பெயரை வேலைத்தாளில் எழுதி, முற்பணம் தருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் திருத்தம் சொன்னால் மறுக்க வேண்டாம்; “ஐயா, எழுதிக்கொள்கிறேன், செயலாளர் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், அவர் சொன்னதும் மாற்றுகிறோம்” என்று பதில் சொல்லுங்கள். குழுவில் உள்ள பிணக்கை அச்சகம் தீர்க்க முடியாது, தீர்க்க முயலவும் கூடாது. அச்சடித்த காகிதப்படி ஒன்றைக் கொடுத்து, கூட்டம் வைத்து, அதிலேயே சிவப்புப் பேனையால் எல்லாத் திருத்தங்களையும் எழுதித் தரச் சொல்வதுதான் எங்களுக்குப் பயன்பட்ட வழி. பெயர் வரிசை பற்றிய வாக்குவாதம் முழுவதும் அந்த ஒரு தாளின் மேல் நடந்து முடிந்துவிடும்.

கலியாண வீட்டில் இரு தரப்பும் சமமானவர்கள் என்பதால் அங்கே ஒருவர் போதாது. பெண் வீட்டுப் பக்கத்துக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக்கு ஒருவர் என இரண்டு ஒப்புதல்களை வாங்குங்கள். மேலே சொன்ன என் பிழைக்கு இதுவே முழுமையான மருந்தாக இருந்திருக்கும்.

திருத்திய பிழை மீண்டும் வந்துவிட்டது, அல்லது பழைய படி அச்சாகிவிட்டது

கணினியைத் திறந்து கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். “முடிவு”, “கடைசி முடிவு”, “புதிய கடைசி” என்று மூன்று கோப்புகள் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வேலை இலக்கம், மாதிரிப்படி இலக்கம், திகதி ஆகிய மூன்றும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். அதே இலக்கத்தை மாதிரிப்படியின் வெட்டுக்கோட்டுக்கு வெளியே சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். வாடிக்கையாளர் பதில் அனுப்பும்போது “மூன்றாம் படிக்குச் சம்மதம்” என்று அந்த இலக்கத்தைச் சொல்ல வேண்டும். பழைய படிகளை அழிக்காமல் தனியான ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடுங்கள்.

திருத்தம் செய்யும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது இன்னொரு காரணம். ஒரு சொல் நீண்டால் வரி உடைந்து கீழே இறங்கும். கீழேயிருந்த தொலைபேசி இலக்கம் பெட்டிக்கு வெளியே போய் மறையும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் முழு அட்டையையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் மிகையாக நீட்டி விட்டு, எழுத்துக்களை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து மில்லிமீற்றர் உள்ளே வைத்திருந்தால், வெட்டும்போது கடைசி எழுத்து போய்விடும் ஆபத்தும் குறையும்.

நம் திரையில் சரியாக உள்ள எழுத்து, வாடிக்கையாளருக்கு உடைந்து தெரிகிறது

இலங்கை அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் பெருமளவில் பாவனையில் உள்ளன. பாமினியில் தட்டச்சு செய்த தமிழ், கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் திறந்தால் போர்வை விலகி, அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தெரியும். வாடிக்கையாளர் பயந்துபோய் அழைப்பார். எழுத்துருவை பீடிஎஃப்புக்குள் பதித்து, அல்லது எழுத்துக்களை உருவக் கோடுகளாக மாற்றி அனுப்பினால் இது நிகழாது.

இதற்கு நேர்மாறான கோளாறு, வாடிக்கையாளர் தொலைபேசியில் யுனிகோடில் (இன்றைய தொலைபேசிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறிமுறையில்) தட்டச்சு செய்து அனுப்பியதை நாம் பாமினிக்கு மாற்றும்போது வருகிறது. மாற்றி மென்பொருள்கள் “ஸ்ரீ” போன்ற கிரந்த எழுத்துக்களையும் இலக்கங்களுக்கிடையே வரும் குறிகளையும் சில வேளைகளில் விழுங்கிவிடும். யுனிகோடை நேரடியாகப் பயன்படுத்தினாலும், தென்னாசிய எழுத்துக்களுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாத போட்டோஷொப்பிலும் பழைய கொரல்ட்ரோ பதிப்புகளிலும் “கொ” என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு மாற்றம் நடந்த எந்தப் படிக்கும் பழைய ஒப்புதல் செல்லாது. மீண்டும் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். “எழுத்துருவைத்தானே மாற்றினோம்” என்ற எண்ணத்தினால் வந்த இழப்புகள் எங்களிடம் பல.

படம் மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால், வட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினீர்களா என்று பாருங்கள். புகைப்படமாகப் போகும்போது அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போகும்.

“தொலைபேசியில் பார்த்த நிறம் இதில்லை”

திரை ஒளியினால் நிறம் காட்டுகிறது. காகிதம் சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளினால் நிறம் காட்டுகிறது. திரையில் சுடர்விடும் செம்மஞ்சள், மின்னும் பச்சை, ஆழ்ந்த நீலம் ஆகியவற்றை இந்த நான்கு மைகளினாலும் எட்ட முடியாது. எட்டாத நிறம் அச்சில் சற்று மங்கி விழும். மெட் லெமினேசன் போட்டால் இன்னும் சற்றுத் தணியும். பொன்னிற ஃபொயில் வரவேண்டிய இடத்தில் மாதிரிப்படி கடுகு நிறத்தைத்தான் காட்டும், இதைச் சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் அந்தக் கடுகு நிறத்தைப் பார்த்து மனம் சோர்ந்து வடிவமைப்பையே மாற்றச் சொல்லுவார்.

நிறத்துக்குத் திரையில் ஒப்புதல் வாங்காதீர்கள். மாதிரிப்படிச் செய்தியில் “இந்தப் படி எழுத்தையும் அமைப்பையும் சரிபார்ப்பதற்கு மட்டும்” என்று எழுதுங்கள். நிறம் முக்கியமான வேலை என்றால், அச்சாகும் அதே காகிதத்தில் ஒரு படி எடுத்து நேரில் காட்டுங்கள். அதையும் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சுத் துறைக்கான ஐ.எஸ்.ஓ. 3664 தரநிலை 5000 கெல்வின் ஒளியில் பார்க்கச் சொல்கிறது. அத்தகைய விளக்கு இல்லாத எங்களுக்குக் கடையின் முன்பக்க ஜன்னல்தான் துணை. மூடுபனி இறங்கியிருக்கும் மாலை வேளையில், மஞ்சள் குமிழ் விளக்கின் கீழ், குங்குமச் சிவப்பையும் மருதாணிச் சிவப்பையும் பிரித்தறிய யாராலும் முடியாது. ஆகவே நிறம் பார்க்க வருபவர்களை முற்பகலில் வரச் சொல்கிறோம். ஒத்துக்கொண்ட படியின் பின்புறத்தில் அவரே கையெழுத்திட்டால், அந்தத் தாளை அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அடிக்கலாம்.

தமிழ்ப் பகுதி சரி. சிங்களப் பகுதியில் பிழை

பெனர், கடைப் பெயர்ப்பலகை, பொதி லேபல் ஆகியவற்றில் இரு மொழிகளும் வரும். தமிழ் வாசிப்பவரின் ஒப்புதல் தமிழுக்கு மட்டுமே செல்லும். சிங்களத்துக்குத் தாய்மொழியாளர் ஒருவரின் பெயரைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கடை முதலாளி ஒருவர் சிங்களப் பகுதியை வாசித்துத் தரும் உதவியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார், அவருடைய கடைப் பலகையின் தமிழை நாங்கள் பார்த்துக் கொடுக்கிறோம்.

லேபலுக்குச் சம்மதம் கிடைத்தது, பார்கோட் வாசிக்கவில்லை

இது கண்ணால் ஒப்புதல் தர முடியாத பகுதி என்பதை முதலில் ஏற்க வேண்டும். சொந்தத் தேயிலையைப் பொதி செய்து விற்கத் தொடங்கும் சிறு தொழில்முனைவோர், லேபலின் அழகையும் பெயரையும் பார்ப்பார்கள். கோடுகளை வாசிப்பது இயந்திரம். பொருட்களில் வழமையாக உள்ள பதின்மூன்று இலக்கப் பார்கோடின் முழு அளவு 37.29 மில்லிமீற்றர் அகலமும் 25.93 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். அதன் 80 வீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. இரு பக்கத்திலும் உள்ள வெற்றிடத்தை வடிவமைப்பாளர் பூங்கொடியால் நிரப்பிவிட்டால் வாசிக்காது. செம்மண் நிறத்திலோ சிவப்பிலோ கோடுகளைப் போட்டாலும் வாசிக்காது, ஏனென்றால் வாசிப்பானின் சிவப்பு ஒளிக்கு அந்தக் கோடுகள் வெண்மையாகவே தெரியும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பே பாதுகாப்பானது. அச்சடித்த ஒரு படியைப் பக்கத்துச் சுப்பர் மார்க்கெட்டிலோ தொலைபேசிச் செயலியிலோ வாசித்துப் பார்த்து, வந்த இலக்கத்தை வாடிக்கையாளரின் பதிவு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இலங்கையில் பதிவு பெற்ற இலக்கங்கள் 479 என்று தொடங்கும். வேறு விதமாகத் தொடங்கினால், இணையத்திலிருந்து யாரோ ஒரு படத்தை எடுத்துத் தந்திருக்கலாம் என்று சந்தேகித்துக் கேட்பது நல்லது.

சம்மதம் தந்த பின் மாற்றம் கேட்கிறார்

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டிஜிட்டல் அச்சென்றால், இயந்திரம் ஓடும்வரை மாற்றலாம். ஓப்செட் என்றால், பிளேட் (அச்சுக்குரிய தகடு) எடுப்பதற்கு முன்னா பின்னா என்பதே எல்லை. நான்கு நிற வேலைக்கு நான்கு பிளேட். கறுப்பு எழுத்தில் மட்டும் மாற்றமென்றால் பெரும்பாலும் கறுப்புப் பிளேட்டை மட்டும் புதிதாக எடுத்தால் போதும். இதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொன்னால், முழுச் செலவும் தம் தலையில் விழுமோ என்ற பயம் நீங்கி, பிழையை மறைக்காமல் சொல்லுவார். பிளேட் வெளியூரில் எடுக்கப்படுவதால் எங்களுக்கு ஒரு நாள் இடைவெளி கிடைக்கிறது. கோப்பை அனுப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, “இப்போது பிளேட்டுக்குப் போகிறது, இதன் பின் மாற்றினால் செலவு உண்டு” என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்புகிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்த அழைப்புகள் எத்தனையோ வேலைகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

பிழை யாருடையது என்ற கேள்வி எழும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியின் சட்ட வலு மறுக்கப்படுவதில்லை. ஆகவே வட்ஸ்அப் பதிலும் பதிவுதான்; ஆனால் தொலைபேசி தொலைந்தால் அதுவும் தொலையும். ஒப்புதல் வந்த திரையைப் படம் பிடித்து வேலைக் கோப்புறையில் சேருங்கள். காகிதத்தில் கையெழுத்திட்ட படியை, அச்சான ஓர் அட்டையோடு சேர்த்து, வேலை இலக்கம் எழுதிய கடித உறையில் இட்டு வையுங்கள். எங்களிடம் அந்த உறைகள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டு, மழைக்கால ஈரம் ஏறாமல் பொலித்தீன் சுற்றி, மேல்தட்டில் இருக்கின்றன. பிழையான அந்த நானூறில் ஒன்றும், மீண்டும் அடித்ததில் ஒன்றும் அங்கே ஒரே உறைக்குள் உள்ளன. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் அந்த இரண்டையும் கொடுத்து, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுகிறேன்.